எழுதி வைத்துவிட்டுப் பார்: முதலாண்டு மாணவருக்கு அறிவியல்முறையில் யோசிக்கப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் ஒரு வித்தையில் கைதேர்ந்தவராக வருகிறார்: கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுவது. பள்ளிக்காலம் முழுக்க அவருக்கு மதிப்பெண் கிடைத்தது அதற்குத்தான், அதனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடை இன்னதென்று முன்கூட்டியே தெரியாத ஒரு கேள்வியை அவர் முன் வைக்கும்போதுதான் சிக்கல். உங்கள் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க முயல்வார், முடியாவிட்டால் செல்போனை எடுப்பார்.

பாடத்தை ஆழமாக நடத்தினால் யோசிக்கும் திறன் கூடவே வந்துவிடும் என்று நானும் சில வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது 2009 இல் சயின்ஸ் இதழில் லெய் பாவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. சீனாவிலும் அமெரிக்காவிலும் கல்லூரிக்குள் நுழையும் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு ஒரே தாள்களைக் கொடுத்தார்கள். விசை, இயக்கம் பற்றிய தாளில் சீன மாணவர்களின் சராசரி சுமார் 86 சதவீதம், அமெரிக்க மாணவர்களுக்கு சுமார் 49. பள்ளியில் பல வருடம் இயற்பியலைக் கட்டாயமாகப் படித்ததன் பலன் கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் ஆதாரத்தை வைத்து யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் லாசன் தாளில் இரண்டு தரப்புக்கும் 74 சொச்சம்தான். பல வருடப் பாடம் அந்த ஒன்றை மட்டும் அசைக்கவில்லை. ஆகவே அதைத் தனியாகப் பழக்கத்தான் வேண்டும்.

இந்த வழிகாட்டி முதலாண்டு வகுப்பு எடுப்பவர்களுக்கானது, எந்தப் பாடம் நடத்தினாலும் சரி. மாணவர்கள் தாங்களே நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து செய்து பார்க்கவும் தடையில்லை. ஒரு செமஸ்டர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

தொடங்கும் முன்: ஒரு நோட்டு, ஒரு பேனா

எல்லாப் படிகளிலும் ஓடுவது ஒரே பழக்கம்தான். எதையும் பார்ப்பதற்கு முன், சோதிப்பதற்கு முன், விடையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன், என்ன வரும் என்று நினைக்கிறாய் என்பதை எழுதி வை. பேனாவில் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, தவறென்றால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் தேதி. எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு சதவீதம்: 50 என்றால் நாணயம் சுண்டுவது போல, 90 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம்.

பார்க்கச் சில்லறை வேலையாகத் தோன்றும். ஆனால் விடை தெரிந்த மறுநிமிடமே நம் மூளை பழைய கணிப்பைத் திருத்தி எழுதிவிடுகிறது, "நான் அப்பவே நினைச்சேன்" என்று மனதார நம்புகிறோம். தாளில் இருக்கும் மை மட்டும்தான் அதற்கு உடன்படாது. வேறெதையும் செய்ய நேரமில்லை என்கிற ஆசிரியர் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யலாம்.

படி 1: விளக்கத்தோடு தொடங்காதீர்கள், ஒரு தோல்வியோடு தொடங்குங்கள்

"விமர்சன சிந்தனை என்றால் என்ன" என்று முதல் வகுப்பில் பலகையில் எழுதினால் அவர்கள் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்குப் பதில் பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள்: 2, 4, 6. பிறகு சொல்லுங்கள்: "இந்த மூன்று எண்களும் என் மனதில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதி என்னவென்று உறுதியானதும் எழுதிக் கொடுங்கள்."

இது பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960 இல் வெளியிட்ட சோதனை. விதி மிக எளிது: மூன்று எண்களும் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாணவர்கள் 8, 10, 12 கேட்பார்கள், ஆமாம் என்பீர்கள். 20, 22, 24 கேட்பார்கள், அதற்கும் ஆமாம். ரொம்ப ஜாக்கிரதையான ஒருவர் 100, 102, 104 கூடக் கேட்டு உறுதி செய்துகொள்வார். அப்புறம் "இரண்டு இரண்டாகக் கூடும்" என்று எழுதிக் கொடுப்பார்கள். தவறு என்று சொன்னதும் வகுப்பில் ஒரு சின்ன அமைதி விழும், அதை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

சோதனையின் பயன் அதற்குப் பிறகு வருகிறது. ஒவ்வொருவரும் எண்களைக் கேட்கும் முன்பே "ஆமாம் வரும்" அல்லது "இல்லை வரும்" என்று தன் எதிர்பார்ப்பை நோட்டில் எழுதியிருக்க வேண்டும். இப்போது எண்ணச் சொல்லுங்கள்: "இல்லை வரும் என்று எதிர்பார்த்து எத்தனை கேட்டாய்?" பெரும்பாலான நோட்டுகளில் பூஜ்யம் அல்லது ஒன்று இருக்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பிடிவாதக்காரரைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருப்பார்கள். மூன்று காலை மட்டும் எண்ணிவிட்டு நான்காவது பக்கம் எட்டியே பார்க்காதது தாங்களும்தான் என்று இங்கே தெரியவரும். இந்த எண்ணிக்கையை ஒரு சீட்டில் பெயரோடு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், செமஸ்டர் கடைசியில் தேவைப்படும்.

படி 2: "எது நடந்தால் இது தவறு?"

அடுத்த வாரம் பேச்சுவழக்கில் உலவும் நாலைந்து கூற்றுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "அதிகாலையில் படித்தால் மனதில் நிற்கும்." "இடதுகைக்காரர்கள் புத்திசாலிகள்." "நேர்மறையாக நினைத்தால் நல்லதே நடக்கும்." ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கேள்வி: என்ன நடந்தால் இது தவறென்று ஒப்புக்கொள்வாய்?

முதல் கூற்றுக்கு வழி பிறக்கும், கொஞ்சம் இழுத்துச் செதுக்கினால். அதிகாலை என்றால் எத்தனை மணி? மனதில் நிற்பது என்றால் எத்தனை நாள் கழித்து, எந்த மாதிரித் தேர்வில்? யாரோடு ஒப்பிட்டு? முன்னிரவு தூங்கிய நேரம் சமமா? இப்படிக் கேட்டுக் கேட்டு அது ஒரு சோதனையாகவே மாறிவிடும். மூன்றாவது கூற்றில் மாட்டிக்கொள்வார்கள். நல்லது நடக்கவில்லை என்றால் "நீ முழுமனதோடு நினைக்கவில்லை" என்று சொல்லிவிடலாமே. எப்படி விழுந்தாலும் ஜெயிக்கிற கூற்று எதையுமே சொல்லவில்லை என்பதை நீங்கள் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள், ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. "முரண்பட்ட ஒரே ஒரு தகவல் போதும், கருதுகோள் செத்தது" என்று இதை மிகைப்படுத்திவிடக் கூடாது. யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. அதற்காக யாரும் நியூட்டனைத் தூக்கி எறியவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்னார், 1846 இல் அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. அதே லெவெரியே பிறகு புதன் கோளின் சிறு பிசகுக்கும் அதே வைத்தியம் பார்த்தார், சூரியனுக்கு அருகே வல்கன் என்று ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். பல வருடம் தேடினார்கள், அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915 இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் அந்தப் பிசகை விளக்கியது. அதே ஆள், அதே உத்தி, முதல் தடவை பலித்தது, இரண்டாம் தடவை பலிக்கவில்லை. இரண்டு முறையும் "இங்கே பார், இருந்தால் தெரியும்" என்று சொல்லக்கூடிய கணிப்பு இருந்தது என்பதைத்தான் மாணவர் கவனிக்க வேண்டும்.

படி 3: நூலும் நட்டும்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், மூன்றானாலும் வருத்தப்படாதீர்கள். வேண்டியவை: நூல், ஒரே அளவு நட்டுகள், அளவுகோல், செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். கேள்வி: ஊசல் ஒரு தடவை போய்த் திரும்பும் நேரத்தை எது மாற்றுகிறது? நூலின் நீளமா, தொங்கும் எடையா, இழுத்துவிடும் கோணமா?

முதலில் கணிப்பு எழுதட்டும். எடை கூடினால் வேகமாக ஆடும் என்று நிறையப் பேர் எழுதுவார்கள், தனி ஊசல் பாடத்தைப் பள்ளியில் படித்தவர்களும்கூட. பிறகு எந்த வழிமுறையும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு குழு நீளத்தையும் எடையையும் ஒன்றாக மாற்றிவிட்டு "இரண்டும் பாதிக்கிறது" என்று வரும். "எடை மட்டும் பாதித்திருந்தால் உங்கள் அட்டவணை எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். அதே அட்டவணைதான் இருந்திருக்கும் என்று அவர்களே பார்த்ததும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது புரிந்துவிடும். மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்று என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தால் தேர்வில் சரியாக எழுதுவார்கள், அடுத்த லேபிலேயே மறந்துவிடுவார்கள்.

அளவு விஷயம் அடுத்தது. ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 விநாடி, 25 சென்டிமீட்டர் ஊசலுக்கு 1 விநாடி. பொத்தானை அழுத்தும் கை ஒவ்வொரு முறையும் சற்று முன்பின் ஆகும், ஒரே ஆட்டத்தை அளந்தால் அந்தப் பிசகு விடையையே விழுங்கிவிடும். 20 ஆட்டத்தை அளந்து வகுத்தால் அதே பிசகு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். இதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். ஒரே ஆட்டத்தைப் பத்துப் பேர் தனித்தனியாக அளந்து பலகையில் எழுதினால் எண்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து யாராவது ஒருவர் யோசனை சொல்வார்.

இப்போது இரண்டு பொறிகள். இரண்டுமே வேண்டுமென்றே வைக்க வேண்டியவை.

எடையைக் கூட்ட, சில குழுக்கள் நட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிடும். அவர்களுக்கு "எடை கூடினால் மெதுவாகிறது" என்று முடிவு வரும். பக்கத்துக் குழு நட்டுகளைக் கொத்தாகக் கட்டியிருக்கும், அவர்களுக்கு மாற்றமே இல்லை. இரண்டு குழுவும் சத்தியம் செய்யும். தீர்ப்பு சொல்லாதீர்கள், இரண்டு ஊசலையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டுக்கும் எத்தனை வித்தியாசம் இருக்கிறது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். கீழே கீழே கோத்ததில் எடையின் மையம் இறங்கிவிட்டது, அதாவது எடையை மாற்றுவதாக நினைத்து நீளத்தையும் மாற்றிவிட்டார்கள். மாற்றவில்லை என்று நினைத்தது கண்ணுக்குத் தெரியாமல் மாறியிருக்கும் இந்த மாதிரி இடம்தான், பிற்பாடு மருந்துச் சோதனையிலும் கருத்துக்கணிப்பிலும் அவர்கள் தேட வேண்டிய இடம்.

இரண்டாவது பொறி கோணம். ஆட்டத்தின் வீச்சு எவ்வளவானாலும் நேரம் மாறாது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 10 பாகையிலிருந்து விட்டு ஐந்து ஆட்டம் அளக்கச் சொல்லுங்கள், பிறகு 60 பாகையிலிருந்து. ஒரு மீட்டர் ஊசலில் முதலாவது சுமார் 10 விநாடி. இரண்டாவது ஏழு சதவீதம் வரை, அதாவது அரை விநாடிக்கும் மேல் கூடுதலாக வரும். ஐந்துக்கு மேல் எண்ணினால் வீச்சு தேய்ந்து வித்தியாசமும் தேய்ந்துவிடும், அதனால்தான் ஐந்து. இந்த இடத்தில் நோட்டுகளைப் பாருங்கள். சிலர் 60 பாகை அளவை அடித்துவிட்டுப் "பாடப்புத்தகத்துக்கு ஒத்துவரும்" எண்ணை எழுதியிருப்பார்கள், சிலர் "மனிதப் பிழை" என்று ஒரு வார்த்தையில் கடந்திருப்பார்கள். கோபப்பட வேண்டாம், நாம்தான் பல வருடம் இதற்கு மதிப்பெண் போட்டோம். ஒரே ஒரு கேள்வி போதும்: "பிழை என்றால் ஏன் எல்லோருக்கும் ஒரே பக்கமாகவே சாய்கிறது?" சின்ன வீச்சுக்கு மட்டும் பொருந்துகிற தோராயம் அது என்று புத்தகத்தின் அடியில் எங்கோ எழுதியிருக்கும், அந்த வரியை இப்போது அவர்களே தேடிப் போவார்கள்.

படி 4: காகமும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். தற்செயல் என்று சொல்லச் சட்டென்று கைக்கு வரும் பேச்சு. ஆனால் அது உண்மையிலேயே தற்செயல்தான் என்று எப்படித் தெரியும்? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடும்.

பலகையில் நான்கு கட்டம் போடுங்கள். காகம் உட்கார்ந்தது, பழம் விழுந்தது. உட்கார்ந்தது, விழவில்லை. உட்காரவில்லை, விழுந்தது. உட்காரவில்லை, விழவில்லை. கதையில் இருப்பது முதல் கட்டம் மட்டும். காகம் உட்கார்ந்த 100 தடவையில் 20 தடவை பழம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம், கற்பனை எண்தான். காகத்துக்குப் பங்கு உண்டா? பாதி வகுப்பு உண்டு என்று எழுதும், பாதி இல்லை என்று எழுதும். இரண்டுமே அவசரம். காகம் உட்காராத 100 தடவையில் எத்தனை தடவை விழுந்தது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. அங்கேயும் 20 என்றால் காகம் நிரபராதி. அங்கே 2 என்றால் விசாரிக்க வேண்டும்.

சரி, 2 தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் காகம்தான் தள்ளிவிட்டது என்று ஆகிவிடாது. பழுத்த மரத்தைத் தேடித்தான் காகம் வருகிறது, பழுத்தது எப்படியும் விழும் என்று ஒரு மாணவி சொல்வார். காற்றடிக்கும்போது காகங்கள் வந்து அமர்கின்றன, காற்றுதான் பழத்தையும் உலுக்குகிறது என்று இன்னொருவர். மூன்று விளக்கத்தையும் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையை வடிவமைக்க வைப்பதுதான் இந்த வாரத்து வீட்டுப்பாடம். பழுத்த மரங்களுக்குள் மட்டும் ஒப்பிடலாம், காற்றில்லாத நாள்களை மட்டும் எடுக்கலாம், அல்லது எந்த மரத்தில் காகத்தை விரட்டுவது என்று நாணயம் சுண்டி முடிவு செய்யலாம். கடைசி வழியை யாராவது தாமாகச் சொன்னால் அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம்.

நாணயம் சுண்டுவது ஏதோ பெரிய ஆய்வகத்துச் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு எமிலி ரோசாவின் கதையைச் சொல்லுங்கள். உடலைத் தொடாமலே கையால் "ஆற்றல் புலத்தை" உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்னவர்களை, ஒன்பது வயதில் தன் பள்ளி அறிவியல் திட்டத்துக்காக அவர் சோதித்தார். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. எதிரே இருப்பவரின் இரண்டு கைகளில் எதன் மேல் தன் கையை நீட்டுவது என்று நாணயம் சுண்டி முடிவு செய்து, எந்தக் கை என்று சொல்லச் சொன்னார். 21 பேர், 280 முயற்சி, 44 சதவீதம் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐம்பது வரும். 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

படி 5: ஒரு மரண மர்மத்தை வாரக்கணக்கில் அவிழ்ப்பது

அறிவியல் வரலாற்றை ஒரே மூச்சில் சொன்னால் மாணவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். துண்டு துண்டாகக் கொடுங்கள், ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிறுத்துங்கள், அடுத்து என்ன வரும் என்று எழுத வையுங்கள். இதற்கு நான் பார்த்தவற்றில் சிறந்தது வியன்னா பொது மருத்துவமனை, 1840கள்.

துண்டு ஒன்று: இரண்டு பிரசவ வார்டுகள். 1846 இல் முதல் வார்டில் தாய்மார் இறப்பு சுமார் 11 சதவீதம், இரண்டாவதில் 3 சதவீதத்துக்கும் கீழ். யார் எந்த வார்டுக்குப் போவது என்பது சேரும் நாளைப் பொறுத்தது. கருதுகோள்களை எழுதுங்கள். கூட்ட நெரிசல், கெட்ட காற்று, பயம் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது உண்மையானால் வேறு என்ன தெரிய வேண்டும்?"

துண்டு இரண்டு: நெரிசல் அதிகம் இரண்டாவது வார்டில்தான். காற்று இரண்டுக்கும் பொது. மணியடித்தபடி பாதிரியார் கடந்து போவதுதான் பயமுறுத்துகிறதோ என்று அவர் வரும் வழியையே மாற்றிப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். இப்போது என்ன நினைக்கிறீர்கள்?

துண்டு மூன்று: 1847 இல் ஒரு பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறிய மருத்துவர் ஒருவர், அந்தத் தாய்மார்களுக்கு வந்த அதே அறிகுறிகளோடு இறந்தார். இந்த இடத்தில் வகுப்பு சத்தம் போடும். மருத்துவ மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மே மாதம் அந்த மருத்துவமனையின் மருத்துவர் செமெல்வைஸ் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு ஜூனில் சுமார் 2.

பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கே கைதட்டி முடித்துவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். அவருடைய சமகாலத்து மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் முட்டாள்கள் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு நேர்மையான மருத்துவர் என்னென்ன காரணத்தால் சந்தேகப்பட்டிருக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். கிருமிகள் பற்றிய கொள்கை இன்னும் நிலைபெறவில்லை. கையில் ஒட்டும் பிணத் துகள் என்பதுதான் அவர் முதலில் சொன்ன விளக்கம். விரிவான புத்தகத்தை 1861 இல்தான் வெளியிட்டார். முன்னும் பின்னும் ஒப்பிட்ட எண்கள், நாணயம் சுண்டிப் பிரித்த குழுக்கள் அல்ல. எதிர்த்தரப்பு "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று தலையாட்டும்படி அதன் வாதத்தை எழுதும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. விவாத மேடையில் பழகுவதை விட இது நல்லது, ஏனென்றால் யாருடைய மானமும் இங்கே பணயத்தில் இல்லை.

படி 6: எண்ணைத் தலைகளாக மாற்றுவது

இது ஒரே வகுப்பில் முடியும். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை. உனக்கு "இருக்கிறது" என்று வந்துவிட்டது. உண்மையிலேயே இருக்க எவ்வளவு வாய்ப்பு? கணிப்பை எழுதியதும் சூத்திரத்துக்குப் போகாமல் ஒரு லட்சம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோயாளிகள் 100, அவர்களில் 99 பேருக்கு "இருக்கிறது" என வரும். நலமானவர்கள் 99,900, அவர்களில் 999 பேருக்குத் தவறாக "இருக்கிறது" என வரும். ஆக 1,098 பேரில் 99 பேருக்குத்தான் நோய், ஒன்பது சதவீதம். 99 என்று எழுதியவர்கள் நோட்டை மூடிக்கொள்வார்கள். சதவீதத்தைத் தலைகளாக மாற்றினால் மூளை ஒத்துழைக்கிறது, அவ்வளவுதான் உத்தி.

படி 7: திரையில் வருவதைச் சரிபார்ப்பது

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்புக்கு ஒரே இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, அழகான லோகோவிலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடியில் தளத்தை விட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒருவரை நம்பலாமா என்று அவரிடமே கேட்கக் கூடாது என்கிற சாதாரண விவேகம்தான் இது, திரை முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது.

பயிற்சி: ஒரு கூற்று, மூன்று நிமிடம், மூன்று டேப். செயற்கை நுண்ணறிவு சாட்பாட்களுக்கும் இதே பயிற்சிதான். அது சரளமாக எழுதுகிறது என்பது ஆதாரம் ஆகாது. அது சொல்லும் ஒரு ஆய்வையோ எண்ணையோ எடுத்து அதன் மூல இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சில மூலங்கள் இருக்கும், சில இருக்கவே இருக்காது, சிலவற்றில் எழுதியிருப்பது வேறாக இருக்கும். மூன்றாவது வகைதான் சரியான பாடம், அதைக் கண்டுபிடிக்கக் கட்டுரையைத் திறந்து படித்தாக வேண்டும்.

நான் கைவிட்டவை

தர்க்கப் பிழைகளின் பட்டியல். இருபது பெயர்களை மனப்பாடம் செய்து வந்த ஒரு வகுப்பு, அடுத்த வாரமே அவற்றை ஒருவர் மேல் ஒருவர் எறிய ஆரம்பித்தது. மற்றவர் பேச்சில் பிழை கண்டுபிடிக்க அது நன்றாக உதவியது, தன் பேச்சில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இப்போது பெயரே சொல்வதில்லை, தேவைப்படும் இடத்தில் பிழையை மட்டும் காட்டுகிறேன்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்ற கேள்வியையும் விட்டுவிட்டேன். கூடவே, கேள்வி கேட்ட மறுநொடியே நானே பதில் சொல்லும் பழக்கத்தையும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசுகிறார்கள். மூன்று விநாடி வகுப்பின் முன் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும், மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் எதற்கு, கடைசி வாரம் என்ன செய்வது

சரியான கணிப்புக்கு மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் சோதனைக்குப் பிறகு கணிப்பு எழுதுவார்கள். ஆகவே மதிப்பெண் மூன்றுக்கு மட்டும்: சோதனைக்கு முன் எழுதினாயா, உன் கருத்தைத் தவறாக்கக்கூடிய ஒன்றைத் தேடினாயா, ஆதாரம் மாறியபோது என்ன மாற்றினாய் என்று காரணத்தோடு எழுதினாயா. செமஸ்டர் நடுவில் ஒருமுறை, 90 சதவீதம் உறுதி என்று எழுதிய கணிப்புகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்திருக்க வேண்டும். ஆறோ ஏழோதான் வந்திருக்கிறது என்று பார்க்கிற மாணவர் அதற்கப்புறம் 90 என்று எழுதும் முன் கொஞ்சம் தயங்குவார்.

கடைசி வாரத்தில் 2, 4, 6 சோதனையை வேறு வேடத்தில் கொண்டுவாருங்கள். எண்களுக்குப் பதில் மூன்று சொற்கள், விதி "கடைசிச் சொல்தான் மிக நீளமானது" என்பது போல ஏதாவது. "இல்லை வரும்" என்று எதிர்பார்த்துக் கேட்டவை எத்தனை என்று மறுபடி எண்ணி, முதல் வாரச் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். முன்னும் பின்னும் லாசன் தாளையும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எண்ணிக்கை கூடியிருந்தால் உங்கள் வகுப்புதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். நில்லுங்கள், நான்கு கட்டத்தில் நீங்கள் பார்த்தது ஒன்றைத்தான். இந்த வகுப்பே இல்லாமல் ஒரு செமஸ்டர் கல்லூரியில் இருந்தவர்களுக்கும் கூடியிருக்கலாம், அதே மாதிரிப் புதிரை இரண்டாம் முறை பார்ப்பதாலும் கூடியிருக்கலாம். அடுத்த செமஸ்டரில் இந்தப் பயிற்சி இல்லாத இன்னொரு பிரிவு ஆசிரியரிடம் பேசி, அதே இரண்டு தாள்களை அதே வாரங்களில் அவர் வகுப்பிலும் வையுங்கள். விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் முன் இரண்டு பிரிவுக்கும் என்ன சராசரி வரும் என்று உங்கள் நோட்டில் எழுதிவிடுங்கள், பேனாவில், தேதியோடு.